ஹங்கேரிக்காரரின் குதிரை

அன்று காலை எருக்கலம்பிட்டியில் அந்த வீட்டில் இருந்தவர்கள்:

சரீபா. உள்ளறையில், சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம். புருஷன் செத்தபின் அவர் இருக்கும் இத்தா அன்று நண்பகல், லுஹர் தொழுகையோடு முடிகிறது.

நசீறா மாமி, சரீபாவின் மதினி, பக்கத்து வளவு. கதவோரம் முக்காலியில், மடியில் அரிசிச் சுளகு.

பஸ்னா, சரீபாவின் மகள். புத்தளத்திலிருந்து உம்மாவைக் கூட்டிப்போக வந்தவள். கூடத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

வான் சாரதி றிஸ்லான். வேப்பமரத்தின் கீழ் வானை நிறுத்திவிட்டு உள்ளே ஸீற்றைச் சாய்த்து நித்திரை.

நான், அனோஜன், ஊர் ஓலைத்தொடுவாய். விறாந்தைக் கதிரையில். முழு இரவும் ஐஸ் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வந்திருந்தேன்.

ஹமீட் நானா, சரீபாவின் புருஷன், இல்லை. மையவாடியில், மண்ணுக்குள்.

பிரேயர் என்கிற ஹங்கேரிக்காரர், செத்து நூறு வருடத்துக்கு மேல். அவரையும் சேர்க்கத்தான் வேண்டும். சரீபா இந்த வீட்டில் இருப்பதா புத்தளம் போவதா என்று அன்று சொல்ல வேண்டியவர் அவர்தான்.

ஹமீட் நானாவை எனக்கு ஐஸால் தெரியும். அவர் மீன் வியாபாரி. நான் யாழ்ப்பாணத்தில் கம்பஸை இரண்டாம் வருடத்தில் விட்டவன். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னேன், எல்லாம் பொய். காலை விரிவுரைக்கு எழும்ப முடியவில்லை, அவ்வளவுதான். ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலைக்கு ஆள் தேடினார்கள். எனக்கும் வேலைக்கும் பொருந்திவிட்டது.

அங்கே தரையோடு தரையாக ஒரு பெரிய உப்புத்தண்ணித் தொட்டி. அதற்குள் தகர அச்சுகள் வரிசையாக இறங்கியிருக்கும். ஒவ்வொரு அச்சுக்கும் மேலே ஒரு சதுர மரமூடி. நீளத்துக்கு மூடிகள், அகலத்துக்கு மூடிகள், நாங்கள் நடப்பது அவற்றின் மேல்தான். புதியவன் நேராக நடப்பான். கொஞ்ச நாள் போனால் எந்த மூடி உக்கியது, எது ஆடும் என்று தெரிந்துவிடும். பிறகு அதைத் தாண்டி இரண்டு முன்னால், ஒன்று பக்கத்தில் என்று கால் தானாகப் போகும். குதிரை போகிற மாதிரி.

ஒரு நாள் விடிந்த பிறகு, என் ஃபோனில் செஸ் திறந்தபடி தராசுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஐஸ் எடுக்க வந்த ஹமீட் நானா குனிந்து பார்த்தார்.

"இந்த மந்திரியை ஏன் அங்க கொண்டுபோய் ஒளிச்சு வச்சிருக்கிறீர்?"

"எங்கட ஊரில இதை ஆண்டகை எண்டுதான் சொல்லுறது, நானா."

"ஆண்டகையோ மந்திரியோ, குறுக்கால போவான் குறுக்கால போவான்தான். வெளிய எடும்."

எடுத்தேன். வென்றேன். அதற்குப் பிறகு வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அவருடைய விறாந்தையில் இறங்குவது பழக்கமாகிவிட்டது.

பிரேயரை அவருக்குக் காட்டியதும் ஃபோன்தான். ஆட்டம் தொடங்கினதும் அது எந்த வகைத் திறப்பு என்று மேலே பெயர் போடும். ஒரு நாள் 'பிரேயர்' என்று போட்டது. யார் இந்த ஆள் என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். ஹங்கேரிக்காரர். கண்ணைக் கட்டிக்கொண்டு இருபத்தைந்து பேரோடு ஒரே நேரத்தில் ஆடியவர். முப்பது வயது காணாமல் இதயம் நின்று செத்தவர்.

"ஹங்கேரி எங்க கிடக்கு?"

"ஐரோப்பாவில. கடல் இல்லாத நாடு."

அவர் உண்மையாகவே பாவப்பட்டார். "கடலில்லாட்டி மனிசர் என்னத்தைத் தின்னுறது?"

பிரேயர் பெயரில் இருக்கும் நகர்வு இதுதான். கறுப்புக் குதிரை தொடக்கத்திலேயே வெளியே வந்து நல்ல இடத்தில் நிற்கிறது. எல்லோரும் சண்டைக்குத் தயாராகிற நேரத்தில் கறுப்பு அதே குதிரையைத் திருப்பி எடுத்து, ஆட்டம் தொடங்கும்போது நின்ற அதே கட்டத்தில், பி எட்டில், கொண்டுபோய் வைக்கிறது. இரண்டு நகர்வு வீண். பார்க்கிறவனுக்குப் பைத்தியக்காரத்தனம். ஆனால் நூறு வருடமாகப் பெரிய ஆட்களெல்லாம் அதை ஆடுகிறார்கள்.

ஹமீட் நானா தன் செஸ் பலகையிலிருந்து அந்தக் குதிரையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"இந்த ஆள் எங்கட ஆள்," என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து இயக்கத்தால் ஊரோடு துரத்தப்பட்டு, தோணியில் கற்பிட்டி, பிறகு புத்தளத்தில் ஓலைக்கொட்டில், பிறகு கல்வீடு. யுத்தம் முடிந்ததும் மற்றவர்கள் போவமா விடுவமா என்று யோசித்துக்கொண்டிருக்க, இவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து, கூரையில்லாத சுவர்களுக்குக் கூரை போட்டவர். மகள் வரவில்லை. அவளுக்கு ஊர் என்றால் புத்தளம்தான்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. "நானா, குதிரை பாசத்தில வீட்டுக்குப் போகேல்ல. அது நிக்கிற இடத்தில நிண்டு தன்ர ஆக்களையே மறிச்சுக்கொண்டு நிக்குது. பின்னால இருக்கிற சிப்பாய்க்கு வழியில்ல, மந்திரிக்குப் பார்வையில்ல. வழி விடப் போகுது. பிறகு இன்னொரு பக்கத்தால வெளிய வரும்."

"நீர் ஒருக்கா ஊரை விட்டுப்போட்டு வந்து சொல்லும்."

"நான் யாழ்ப்பாணத்தில ரெண்டு வருசம் இருந்தனான்."

"அது ஊரை விட்டதில்ல. அது பஸ் ஏறினது."

பிரேயர் அந்த நகர்வை முதன்முதலாக ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது ஹமீட் நானாவின் ஆசை. பிரேயரின் ஆட்டங்களில் கிடைப்பவை எல்லாவற்றையும் ஃபோனில் இறக்கினேன். காலைக்கு ஒன்று என்று பார்க்கத் தொடங்கினோம். சும்மா பார்ப்பதில்லை. அடுத்ததாக ஹங்கேரிக்காரர் என்ன ஆடியிருப்பார் என்று ஊகிக்க வேண்டும், பிறகு நான் உண்மையைச் சொல்லுவேன். ஹமீட் நானா பெரும்பாலும் பிழையாகச் சொன்னார். குசினிக்குள் இருந்து சரீபா பெரும்பாலும் சரியாகச் சொன்னார்.

"இவவுக்கு அடுப்பில கண், வாய் இங்க," என்று அவர் முறையிடுவார்.

"கண்ணை அடுப்பில வச்சபடியாத்தான் உங்களுக்குச் சோறு," என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

கச்சான் காற்று தொடங்கின கிழமை அவர் மீன் ஏலத்தில் நின்றபடி விழுந்தார். அவருக்கும் இதயம்தான். ஹங்கேரிக்காரருக்கும் அதுதான் என்று பள்ளிவாசல் மதிலோரம் நின்றபோது எனக்கு ஞாபகம் வந்தது. அதில் அர்த்தம் ஒன்றுமில்லை. இதயம் நின்றுதான் எல்லோரும் சாகிறார்கள்.

நான் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். வேலை முடிந்தால் நேரே வீடு, ஜன்னலைச் சாத்திவிட்டு நித்திரை. ஒரு காலை நசீறா மாமி தொழிற்சாலை வாசலிலேயே வந்து நின்றார். ஒரு கிலோ ஐஸ்கூட வேண்டாமல்.

"சரீபா கேக்கிறா, மிச்ச ஆட்டங்களைப் பார்க்கிறேல்லையோ எண்டு."

"அவ இத்தாவில எல்லோ?"

"ஓம். அதுக்குத்தான் நான் இருக்கிறன்."

இத்தா என்றால் எனக்குத் தெரிந்த அளவில் இவ்வளவுதான்: புருஷன் செத்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் அவன் வீட்டிலேயே இருக்க வேண்டும். வெளி ஆண்கள் அவளைப் பார்க்கக் கூடாது. பார்க்கக் கூடாது சரி, குரல் கேட்கலாமா என்பதில் ஊருக்குள் இரண்டு கட்சி. நசீறா மாமி கேட்கக் கூடாது என்கிற கட்சி. சரீபா மற்றக் கட்சி. ஆனால் அவர் மதினியோடு சண்டைக்குப் போகிறவர் இல்லை.

அதனால் ஒழுங்கு இப்படி ஆயிற்று. விறாந்தையில் ஒரு பலகை, எனக்கு. உள்ளறையில் ஒரு பலகை, சரீபாவுக்கு. நடுவில் முக்காலி போட்டு நசீறா மாமி. நான் நகர்வைச் சொல்லுவேன், மாமி கதவை ஒரு விரல் அளவு திறந்து உள்ளே சொல்லுவார். உள்ளேயிருந்து முணுமுணுப்பாக ஏதோ வரும். மாமி கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்புவார்.

"கோட்டை இ ஒண்டுக்கு வருமாம்."

"சரி எண்டு சொல்லுங்கோ. அதுதான் ஆடினவர்."

"சரியாம், சரீபா." பிறகு என்னிடம்: "இந்த வெள்ளைக்காரன் இன்னும் சாகேல்லையா?"

"இந்த ஆட்டத்தில வெல்லுவார், மாமி."

"அல்லாஹ், அரிசி புடைச்சு முடியப்போகுது."

செஸ் பற்றி ஒன்றும் தெரியாத அந்த மனுஷி ஒரு நகர்வையும் பிழையாகக் கொண்டுபோனதில்லை. மீன் விலையைக் கத்திக் கத்தி வளர்ந்த குடும்பம். கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்லத் தெரியும்.

பஸ்னா முதல் மாதம் முடிய ஒருமுறை வந்தாள். இத்தா முடிந்ததும் உம்மா தன்னோடு வந்துவிட வேண்டும் என்றாள். நசீறா மாமி அழுதார், ஏசினார், ஹமீட் நானா போட்ட கூரையைக் காட்டினார். இரண்டு பேரையும் சரீபா உள்ளே கூப்பிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். அது அன்று மாலையே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. புருஷன் தேடின அந்த ஆட்டம் கிடைத்தால், குதிரை வீட்டுக்குத் திரும்புகிற ஆட்டம் ஒன்றே ஒன்று கிடைத்தால், அவர் இங்கேயே இருப்பார். இத்தா முடியும்போது எல்லா ஆட்டமும் முடிந்து அது கிடைக்காவிட்டால் மகளோடு புத்தளம்.

வளர்ந்த மனுஷி இப்படி ஒரு பந்தயம் வைப்பாரா என்று நான் யோசித்தேன். அதிகம் யோசிக்கவில்லை. எனக்கு அந்தக் காலைகள் தேவையாக இருந்தன.

அந்த மாதங்கள் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. ஒன்றுக்குள் ஒன்று ஊறிப்போய்விட்டன. இரவு முழுக்கக் குளிருக்குள் நின்றவனுக்குக் காலை வெயில் சுடாது, மேலே பூசுகிற மாதிரி இருக்கும். வீட்டுக்கு அப்பால் கடலேரி, அதில் தண்ணீரும் வானமும் ஒரே வெள்ளை. ஒழுங்கையில் கழுதைகள் நின்றபடியே தூங்கும். கச்சான் வேப்பமரத்தைப் பிடித்து உலுப்பிக்கொண்டேயிருக்கும், அந்தச் சத்தம் தொழிற்சாலையின் கொம்பிரசர் சத்தத்தோடு என் காதில் கலந்துவிடும். நான் கதிரையில் கண்ணைத் திறந்தபடி தூங்குவேன். அப்போது பலகையின் கட்டங்கள் மரமூடிகளாகிவிடும். ஒவ்வொரு மூடிக்குக் கீழும் ஏதோ மெதுவாக உறைந்துகொண்டிருக்கும். அவற்றின் மேல் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒல்லியான ஒரு ஆள் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்துவருவார். உக்கிய மூடி எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒருமுறைகூட ஆடும் மூடியில் கால் வைக்கவில்லை. எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்பேன். அவர் வாய் அசையும், ஆனால் குரல் நசீறா மாமியின் குரலாக வரும்:

"மந்திரி எஃப் ஐஞ்சுக்காம்."

திடுக்கிட்டு முழிப்பேன். பலகை பலகையாகியிருக்கும். கடலேரியில் வெள்ளை அப்படியே இருக்கும்.

அந்த மாதங்களில் சரீபாவின் முகம் எனக்கு மறந்துகொண்டு வந்தது. பதிலாக அவர் யோசிக்கிற விதம் தெரியத் தொடங்கியது. ஹங்கேரிக்காரர் பாய்கிற இடத்தில் சரீபா பொறுத்துக்கொள்ளச் சொல்லுவார். அந்த ஆள் பொறுக்கிற இடத்தில் சரீபாவும் பொறுப்பார். ஒரு காயை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால் உடனே சொல்லமாட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் நீண்ட அமைதி. அந்த அமைதியில் நான் தூங்கிவிடுவேன். பிறகு மாமி என் தோளில் சுளகால் தட்டுவார். "குடுக்கிறாவாம்."

கடைசிக் கிழமைக்கு முதல் கிழமை, மிச்சமிருந்த ஆட்டங்களை நான் தனியாக முன்னோக்கிப் பார்த்துவிட்டேன். ஒன்றிலும் இல்லை. தேடிப் படித்தும் பார்த்தேன். அந்த நகர்வுக்கு அவர் பெயர்தான், அது அவருடைய யோசனை என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் அவர் அதை ஆடியதாக ஒரு ஆட்டமும் கிடைக்கவில்லையாம். ஹமீட் நானா இல்லாத ஒன்றைத் தேடியிருக்கிறார்.

பஸ்னா பெட்டிகளோடு மறுபடி வந்தபோது, தண்ணீர்த் தொட்டியடியில் வைத்து என்னை நேராகக் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. அப்பிடி ஒரு ஆட்டம் இருக்கா?"

"இல்லை."

"உம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது எண்டுதான் நினைக்கிறன்."

"சரி. நீங்க சொல்ல வேணாம். அவ தானே முடிச்சுக்கொள்ளட்டும்." அவள் நல்ல பிள்ளை. சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நசீறா மாமி அதே நாள் ஒழுங்கை முடியும் இடத்தில் என் மோட்டார்சைக்கிளை மறித்தார்.

"அந்தக் குதிரை வருமா வராதா?"

"வராது, மாமி."

அவர் என் கைபிடியைப் பிடித்தபடி நின்றார். "இந்தப் பக்கம் ஆறு வீடு பூட்டிக் கிடக்கு. பெருநாளைக்கு மட்டும் வந்து கதவைத் திறந்துபோட்டுப் பிரியாணி திண்டுபோட்டுப் போறாக. இரவில லைட் எரியிற வீடு இது ஒண்டுதான் எனக்கு." பிறகு குரலை மாற்றினார். "ஒரு குதிரையை அங்கால தள்ளி விடுறதுக்கு உனக்கென்ன? நீ சொல்லுறதைத்தானே நான் உள்ளுக்குச் சொல்லுறன். ஆர் பார்க்கப் போறா?"

அவர் கையை விலக்கிவிட்டு மோட்டார்சைக்கிளை எடுத்தேன். ஆனால் வீட்டுக்குப் போய்ப் படுத்தபோது, அது முடியும் என்று தெரிந்தது. ஃபோன் என் கையில். பலகை கதவுக்கு அந்தப் பக்கம். சரீபாவுக்கு இந்த வீடுதான் வேண்டும், அதற்காகத்தான் இப்படி ஒரு பந்தயம், ஒரு சின்னப் பொய் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கும் வேறு போக்கிடம் இல்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆகவே கடைசிக் காலை.

முந்தின இரவு ஒரு அச்சு உடைந்து உப்புத்தண்ணி கலங்கி, நாங்கள் உட்காரவேயில்லை. வரும்போது காதுக்குள் காற்றா இயந்திரமா என்று தெரியாத சத்தம். கச்சான் ஓயத் தொடங்கியிருந்தது. கூடத்தில் பஸ்னா பெட்டிக்குக் கயிறு இழுக்கும் சத்தம் கேட்டது. கடைசி ஆட்டம். ஹங்கேரிக்காரருக்குக் கறுப்பு. ஸ்பானியத் திறப்பு, அந்த நகர்வு வருகிற அதே வகை. கறுப்புக் குதிரை வெளியே வந்து சி ஆறில் நின்றது. எல்லாம் பொருந்தியிருந்தது. அதற்காகவே இந்த ஆட்டத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

நகர்வுகளைச் சொல்லிக்கொண்டு போனேன். மாமி உள்ளே சொல்லிக்கொண்டு போனார். நடுவில் எப்போதோ கண் செருகியது. மூடிகளின் மேல் அந்த ஆள் மறுபடி நடந்துவந்தார். இந்தமுறை கண்ணில் கட்டு இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் கால் வைக்கப்போன மூடியைப் பார்த்தேன். உக்கிய மூடி. சொல்ல வாய் வரவில்லை.

"அனோஜன்! கறுப்பு என்ன ஆடுது? சரீபா கேக்கிறா."

மாமி என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சுளகில் கை ஓடவில்லை. நான் ஃபோனைப் பார்க்கவில்லை.

"குதிரை," என்றேன். "பி எட்டுக்கு."

மாமியின் முகம் மலர்ந்தது. கதவை ஒரு விரல் இல்லை, ஒரு கை அளவு திறந்தார். "சரீபா! குதிரை! பி எட்டுக்காம்! வீட்டுக்குப் போகுதாம்!"

கூடத்தில் கயிறு இழுக்கும் சத்தம் நின்றது. பஸ்னா வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தாள். நான் பலகையைப் பார்த்துக் குனிந்தேன்.

உள்ளே அமைதி. ஒரு காயை விட்டுக்கொடுக்கும் முன் வருகிற அதே அமைதி.

பிறகு கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, மாமியைத் தாண்டி, நேராக என்னிடம் குரல் வந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை.

"தம்பி, அங்க கோட்டை நிக்குது."

பார்த்தேன். என் பலகையிலும் நின்றது. கறுப்புக் கோட்டை, பி எட்டில், கட்டத்துக்கு நடுவில் நன்றாக. சற்று முன் அதை அங்கே கொண்டுபோய் வைத்தவன் நானேதான். ஃபோனைப் பார்த்து, நசீறா மாமியிடம் சொல்லி, என் கையாலேயே. நித்திரையில் வைத்ததில்லை. விழிப்பில் வைத்து நித்திரையில் மறந்தது.

உள்ளே சிரிப்புக் கேட்டது. சத்தமாக.

"இருந்தவனை எழுப்பிப்போட்டு ஸீற்றில இருக்கிறதுக்கு இது பஸ் இல்ல, தம்பி."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நித்திரை."

"நித்திரையில்ல. பொய்." கோபம் இல்லை குரலில். "உமக்கு ஆர் சொன்னது நான் இங்க இருக்க விரும்புறன் எண்டு?"

நான் மாமியைப் பார்த்தேன். மாமி சுளகைப் பார்த்தார்.

"அப்பிடி ஒரு ஆட்டம் இல்லையெண்டு எனக்குத் தெரியும்," என்றார் சரீபா. "இவர் மௌத்தாகிறதுக்கு முன்னமே சொன்னவர். ஆரோ ஒரு பொடியனைக் கொண்டு கொழும்பில விசாரிச்சவராம். இல்லையாம். சாப்பிடேக்க சொன்னார். சொல்லிப்போட்டு மீன்முள்ளை எடுத்துச் சோத்துக் கோப்பை ஓரத்தில வச்சார், அவ்வளவுதான்."

"என்னட்ட சொல்லேல்ல."

"சொன்னா நீர் வரமாட்டீர் எண்டு."

பஸ்னா வாசல் நிலையில் சாய்ந்தாள். "அப்ப ஏன் உம்மா அந்தப் பந்தயம்?"

காற்று இல்லாத முற்றத்தில் றிஸ்லானின் குறட்டை மட்டும் கேட்டது.

"இவர் போட்ட கூரை, மகள். இதை விட்டிட்டு வாறன் எண்டு என்ட வாயால எப்பிடிச் சொல்லுவன்? ஊர் என்ன சொல்லும்? திரும்பி வந்தவன்ட பெண்சாதி இத்தா முடிய ஓடிட்டா எண்டும். இந்தா இருக்கிறா, உன்ட மாமி, இவட முகத்தைப் பார்த்து எப்பிடிச் சொல்லுவன்? ஹங்கேரிக்காரன் சொல்லட்டும் எண்டு விட்டன். அவனை ஒருத்தரும் ஏச ஏலாது. தோக்கிறதுக்குத்தான் வச்ச பந்தயம். அதைக் கொண்டுபோய் இந்தத் தம்பி வெல்ல வைக்கப் பார்க்கிறார்."

நசீறா மாமி எழும்பினார். சுளகை முக்காலியில் வைத்தார். என்னைப் பார்த்துத்தான் ஏசினார். வேறு யாரையும் ஏச முடியாது.

"ஒரு குதிரையை ஒழுங்கா வைக்கத் தெரியாதவனுக்கு ஒரு கம்பஸ்!"

சொல்லிவிட்டு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அங்கே இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவர் அழுதார். அது சரீபா இல்லை.

நான் போயிருக்க வேண்டும். கதிரையிலேயே தூங்கிவிட்டேன். கனவு ஒன்றும் வரவில்லை.

எழும்பியபோது லுஹர் பாங்கு சொல்லி முடிந்து நிழல் சுவரோடு ஒட்டியிருந்தது. உள்ளே தண்ணீர் ஊற்றிக் குளிக்கும் சத்தம், சாம்பிராணி. றிஸ்லான் பெட்டிகளை வானில் ஏற்றிக்கொண்டிருந்தான். எனக்கு முன்னால் பலகை அப்படியே இருந்தது. பி எட்டில் கோட்டை.

சரீபா கறுப்பு அபாயாவில் விறாந்தைக்கு வந்தார். முகம் எனக்கு ஞாபகமிருந்ததைவிடச் சின்னது, வெயில் படாமல் வெளுத்திருந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முற்றத்தைப் பார்த்தார், கடலேரியைப் பார்த்தார், பிறகு என் பலகையைப் பார்த்தார்.

"கடைசியில அவன் வெண்டானா?"

ஃபோனை எடுத்துப் பார்த்தேன். "தோத்திட்டான்."

"உண்மையா?"

"இதில பொய் சொல்லி எனக்கென்ன?"

தலையாட்டினார். "இவர் இருந்தா நம்பமாட்டார்." பிறகு, "நீர் ஒரு நாள் இவரோட இந்த விறாந்தையில தர்க்கப்பட்டனீர். குதிரை பாசத்தில போகேல்ல, வழி விடப் போகுது எண்டு. நான் உள்ளுக்கு மீன் வெட்டிக்கொண்டு கேட்டனான். இவர் அதுக்குப் பிறகு ஒரு கிழமை உம்மை ஏசிக்கொண்டிருந்தவர்."

"அவருக்குப் பிடிக்கேல்ல."

"எனக்குப் பிடிச்சது."

நசீறா மாமி ஒரு பொலித்தீன் பையில் கருவாடு கட்டிக்கொண்டு வந்து பஸ்னாவின் கையில் திணித்தார். "புத்தளத்தில இருக்கிறது கருவாடில்ல, மரப்பட்டை," என்றார். சரீபாவைப் பார்க்காமல் பேசினார். சரீபா அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு காதுக்குள் ஏதோ சொன்னார். மாமி தலையை ஆட்டினார், ஆமா இல்லையா என்று தெரியாமல்.

நான் என் பலகையை மடித்தேன். உள்ளறையில் மற்றப் பலகை இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அது உள்ளேயே காயெல்லாம் நின்றபடி இருந்தது.

எல்லோரும் முற்றத்துக்கு இறங்கினோம். சரீபா மட்டும் படியில் நின்றார். பஸ்னா ஆமைப்பூட்டை வாங்கக் கை நீட்டினாள்.

"விடு. நான் பூட்டுறன்."

கதவை இழுத்தார். உப்புக் காற்றில் வீங்கிய கதவு, நிலையில் இறுகிக்கொண்டு வந்தது. இரண்டாம் தரம் தோளைக் கொடுத்து இழுத்தார்.

"தொண்ணூறில இதைச் சும்மா சாத்திப்போட்டுப் போனது," என்றார், யாரிடமும் இல்லாமல். "கெதியா வந்திடுவம் எண்டு இவர் சொன்னார். பூட்டுக் கையிலதான் இருந்தது. நான் பூட்டேல்ல."

பூட்டின் திறப்பை நசீறா மாமியிடம் கொடுப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். மாமியும் எதிர்பார்த்தார், கை பாதி நீண்டிருந்தது. சரீபா கொண்டியைப் போட்டு, பூட்டைக் கொளுவி, திறப்பைத் திருப்பி எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துப் பையை மூடினார். பிறகு பூட்டைப் பிடித்து ஒருதரம் இழுத்துப் பார்த்தார். பூட்டு இறுகப் பிடித்திருந்தது.